எண்டேஞ்சர் என்பதற்குத் தமிழில் என்ன? அவசரம்

ஜெலுத்தோங் வாணி
வணக்கம். எண்டேஞ்சர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் சரியான சொல் என்ன? கூகுளில் போட்டால் என்னென்னவோ வருகிறது. இன்று மாலைக்குள் வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிஎம் குமரன்
பிள்ளையின் பள்ளிப் பாடமா அக்கா? மலாயாப் புலி பற்றி என்றால் 'அருகிவரும் விலங்கு' என்று எழுதச் சொல்லுங்கள். காட்டில் 150கூட இல்லையாம். 'ஆபத்தான விலங்கு' மட்டும் வேண்டாம். என் மகன் அப்படி எழுதி, டீச்சர் பக்கத்தில் 'யாருக்கு?' என்று சிவப்பில் கேட்டிருந்தார்.

தேவி
எந்த வாக்கியத்தில் வருகிறது?

பழைய வாத்தியார்
முழு வாக்கியம் போடாமல் அர்த்தம் கேட்காதீர்கள் என்று இங்கே எத்தனை முறைதான் சொல்வது. அகராதியைத் திறக்கும் பழக்கமே போய்விட்டது.

செந்தில் 77
தீங்கு செய்தல். முடிந்தது.

ஜெலுத்தோங் வாணி
புலி இல்லை தம்பி. எங்கள் பிளாட் நோட்டீஸ். மேல் மாடியிலிருந்து சாமான் வீசுகிறார்கள். போன வாரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மோட்டார்சைக்கிள் கொட்டகைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது, ஒரு கால் இன்னும் கூரையிலேயே தொங்குகிறது. மலாயில் 'மெம்பஹாயாக்கான் ஞாவா' என்று போட்டாகிவிட்டது. தமிழுக்கு நான் எழுதியது: 'பொருள்களை வீசுவது உயிர்களை ஆபத்தாக்குகிறது'. சரியா?

பழைய வாத்தியார்
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 'உயிர்களை ஆபத்தாக்குகிறது' என்றால் உயிர்களே ஆபத்தாக மாறுகின்றன என்றாகும். ஆங்கிலத்தில் அந்த வினை உயிரை நேரே செயப்படுபொருளாக எடுக்கும். தமிழில் அங்கே 'கு' வர வேண்டும்: உயிருக்கு ஆபத்து விளைவிக்கும். 'ஐ' போட்டே தீருவேன் என்றால் உயிரை ஆபத்துக்குள்ளாக்கும். செந்தில் சொன்ன தீங்கு பொருந்தாது. தீங்கு நடந்து முடிந்தது, இது நடக்கக்கூடியது. நாற்காலி யார் தலையிலும் விழாவிட்டாலும் வீசியவர் எண்டேஞ்சர் செய்தவர்தான்.

தேவி
சட்டமும் அப்படித்தான். மலேசியத் தண்டனைச் சட்டம் 336ஆம் பிரிவுக்கு யாருக்கும் அடிபட்டிருக்க வேண்டியதில்லை, உயிருக்கு ஆபத்து வரும்படி கண்மூடித்தனமாக நடந்தாலே போதும். காயம் பட்டால் 337. 2018 ஜனவரியில் கோலாலம்பூர் பந்தாய் டாலாமில் மேலிருந்து விழுந்த நாற்காலியால் ஒரு மாணவர் உயிரே போனது, மறக்க முடியுமா?

தமிழ்முகில்
ஆபத்து வடசொல். 'இடர் விளைவிக்கும்' என்று எழுதுங்கள்.

பிஎம் குமரன்
பன்னிரண்டாம் மாடிக்காரர் இடர் என்பதைப் படித்து, புரிந்து, பிறகு நாற்காலியை இறக்கி வைக்கவா? அதற்குள் கீழே விழுந்துவிடும்.

தமிழ்முகில்
இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் மொழி போகிறது தம்பி.

பழைய வாத்தியார்
மலாய் பஹாயாவும் நம் பயமும் ஒரே வடமொழி வேரில் வந்தவை. நாம் அச்சத்துக்கு வைத்துக்கொண்டதை அவர்கள் ஆபத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஆங்கில டேஞ்சருக்கும் பழைய பிரெஞ்சில் எசமானின் அதிகாரம் என்றுதான் பொருள். அவன் பிடியில் இருப்பதுதான் ஆபத்து. எந்த மொழி சுத்தம், சொல்லுங்கள் பார்ப்போம்.

தமிழ்முகில்
கேட்டது இதுவா ஐயா?

செந்தில் 77
எங்கள் பிளாட்டில் டுரியான் தோல் வீசுகிறார்கள். மோட்டார் சீட்டில் முள் குத்தி நிற்கிறது. அதற்கு என்ன சொல்?

தேவி
வாணி, நோட்டீஸ் என்ன ஆயிற்று?

ஜெலுத்தோங் வாணி
மன்னிக்கவும், வேலை. லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியாச்சு. வாத்தியார் ஐயா சொன்னபடிதான் கொடுத்தேன். இடம் போதவில்லை என்று தலைவர் 'விளைவிக்கும்' என்பதை வெட்டிவிட்டார். 'மேலிருந்து வீசாதீர். உயிருக்கு ஆபத்து.' அவ்வளவுதான் இருக்கிறது. நன்றி.