விரல் மெசின் நண்டு வெட்டுற ஆக்களைப் பிடிக்குதில்லை, முகம் பாக்கிறது வாங்கலாமோ?

கரைவாடி:
வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில கரையோரமா ஒரு சின்ன நண்டு பதனிடுற இடத்தில கணக்குப் பாக்கிறன். 64 பேர் வேலை, முக்கால்வாசி பொம்பிளையள். வரவு பதிய விரல் மெசின் ஒண்டு இருக்கு. ஒஃபிஸில இருக்கிற எங்களுக்கு வச்சவுடன எடுக்கும், ஆனால் நண்டு வெட்டுற அக்காமாருக்குத்தான் சீவன் போகுது, நாள் முழுக்க ஐஸ்தண்ணி, ஓடு கீறின காயம், ரேகை எங்க மிஞ்சும், நாலைஞ்சு தரம் துடைச்சுத் துடைச்சு வைக்கினம், பேந்து லேற் எண்டு சம்பளத்தில வெட்டு விழுது, அதுக்கும் நான்தான் பேச்சு வாங்கிறன். இப்ப முதலாளி முகம் பாக்கிற மெசின் வாங்கப்போறாராம். விக்க வந்த தம்பி 99.9 வீதம் சரி எண்டு சத்தியம் பண்ணுறார். எங்களில 20 பேரை நிப்பாட்டிக் காட்டினவர், ஒண்டும் பிழைக்கேல்லத்தான். உதை நம்பலாமோ? நாங்களாப் பாத்துப் பிடிக்க ஏதும் வழி இருக்கோ?

கோண்டாவில் வயர்காரன்:
நான் உந்த மெசினுகள் பூட்டித் திரியிறனான் அண்ணை. 99.9 எண்டால் எதில 99.9 எண்டு முதல் கேளுங்கோ. பிழை ரெண்டு வகை, உங்கட ஆளை ஆள் இல்லை எண்டுறது ஒண்டு, வேற ஆளை உங்கட ஆள் எண்டுறது மற்றது. உள்ளுக்க ஒரு செற்றிங் இருக்கும், எவ்வளவு ஒத்துப்போனால் ஓம் சொல்லுறது எண்டு. அதை இறுக்கினால் கள்ளப் பதிவு குறையும், ஆனால் அக்காமார் வாசலில நிப்பினம். தளர்த்தினால் எதிர்ப்பக்கம். விக்கிற ஆள் இந்த ரெண்டில நல்ல நம்பரை மட்டும் சொல்லிப்போட்டுப் போயிடுவார், மற்றது எவ்வளவு எண்டு கேட்டால் முழிப்பார்.

இன்னொண்டு, பதியிற நாளிலயே எடுபடாத ஆக்கள் இருப்பினம் எல்லோ, அவையை மெல்லமா விட்டுப்போட்டு மிச்ச ஆக்களில கணக்குக் காட்டுற வேலையும் நடக்கும். அவையும் கணக்கில வரவேணும்.

இப்ப இருக்கிற மெசினில ஆள் நம்பரை அடிச்சுப்போட்டு விரல் வைக்கப் பண்ணிப் பாருங்கோ. நம்பர் இல்லாட்டி 64 பேரோடயும் ஒப்பிடும், ஒரு ஒப்பீட்டில 10,000க்கு 1 பிழை எண்டாலும் பதியாத ஒருத்தர் விரல் வச்சால் 10,000க்கு 64 எண்டு வரும். நம்பர் அடிச்சால் ஒரு ஒப்பீடுதான், அதால செற்றிங்கைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

பனங்காய்ப்பணியாரம்:
முகம் பாக்கிறது சுத்தப் பேக்காட்டு. 2017ல பிரித்தானியாவில கார்டிஃப் எண்ட ஊரில நடந்த உதைபந்தாட்ட இறுதிப்போட்டியில பொலிஸ் வச்சுப் பாத்ததில 2,470 தரம் தேடுற ஆள் கிடைச்சிட்டார் எண்டு அடிச்சதாம், அதில 2,297 பிழை. உங்களுக்கேன் உந்த வில்லங்கம், கையெழுத்துக் கொப்பி காணும்.

கோண்டாவில் வயர்காரன்:
கொப்பியில ஒருத்தர் நாலு பேருக்குக் கையெழுத்து வைக்கிறதை நீர் பாக்கேல்லப் போல :) மெசினும் ஏமாறாது எண்டில்லை, 2002ல ஜப்பானில மற்சுமோட்டோ எண்ட பேராசிரியரின்ர ஆக்கள் ஜெலற்றினில விரல் செய்து 11 வகை விரல் மெசினை ஏமாத்திக் காட்டினவை. முகமெசின் வந்தால் போனில படத்தைக் காட்டி ஒருக்காப் பாருங்கோ அண்ணை.

கணக்கு ரீச்சர்:
கார்டிஃப் கதை உண்மைதான், ஆனால் அது வேற. அங்க பெரிய சனக்கூட்டத்துக்க தேடுற ஆக்கள் கொஞ்சப்பேர், அதால அடிக்கிறதில முக்கால்வாசி பிழையாத்தான் வரும். இங்க வாசலுக்கு வாறவை எல்லாரும் பதிஞ்ச ஆக்கள். அந்த நம்பரை இங்க கொண்டுவந்து பொருத்த ஏலாது.

தம்பி, 20 பேரில ஒருத்தரும் பிழைக்கேல்ல எண்டது பெரிய சாட்சி இல்லை. ஒரு பிழையும் வராட்டி 3ஐ எத்தினை தரம் பாத்ததோ அதால பிரியுங்கோ, 3/20 எண்டால் 15 வீதம். உண்மையான பிழை அவ்வளவு வரைக்கும் இருந்தாலும் இருக்கலாம் எண்டுதான் 95 வீத நம்பிக்கையோட சொல்லலாம். ஒரு வீதத்துக்குக் கீழ எண்டு சொல்ல 300 தரம் ஒரு பிழையும் வராமல் இருக்கவேணும். அதுவும் ஒரே ஆள் 300 தரம் நிண்டால் சரிவராது. அந்த 20 பேரில வெட்டுற ஆக்கள் எத்தினை பேர், வேலை முடிஞ்சு தொப்பி மாஸ்க்கோட நிண்டவையோ, குளிச்சு வெளிக்கிட்டு வந்தவையோ? அமெரிக்காவில நிஸ்ட் எண்ட நிறுவனம் 2020ல, கொரோனாவுக்கு முந்திச் செய்த சொவ்ற்வெயருகளில முகப்படத்தில கொம்பியூட்டரால மாஸ்க் வரைஞ்சு பரிசோதிச்சது, கனக்க சொவ்ற்வெயர் 5 இல இருந்து 50 வீதம் வரைக்கும் பிழைச்சது. 2019ல அவையின்ர றிப்போர்ட்டில, ஆளை மாத்தி ஓம் சொல்லுற பிழை ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களுக்கு வெள்ளையரை விட 10 இல இருந்து 100 மடங்கு கூட எண்டு வந்தது, அதுவும் எல்லாச் சொவ்ற்வெயருக்கும் ஒரேமாதிரி இல்லை. அதால ஆரின்ர முகத்தில பாத்தது எண்டு கேளாமல் வாங்காதேங்கோ.

சராசரியையும் நம்பாதேங்கோ. 64 பேர், போக வர 128 பதிவு, மாசம் 26 நாள் எண்டால் 3,328. ஒரு வீதம் பிழைச்சால் 33. எல்லாருக்கும் பிரிஞ்சால் ஆளுக்கு மாசம் அரைத்தரம், ஒருத்தரும் கவலைப்படாயினம். ஆனால் அந்த 33உம் நாலு பேரின்ர தலையிலதான் விழும். குரலை வச்சு ஆள் பிடிக்கிற ஆராய்ச்சியில 1998லயே இப்பிடிப்பட்ட ஆக்களுக்கு "வெள்ளாடு" எண்டு பேர் வச்சிட்டினம், லேசாப் பிடிபடுற மிச்ச ஆக்கள் செம்மறியாம். உங்கட வெள்ளாடுகள் ஆர் எண்டு ஒரு கொப்பியில எழுதுங்கோ, எத்தினையாம் தரத்தில எடுத்தது, ஆர், எந்த நேரம்.

கரைவாடி:
ரீச்சர் சொன்னமாதிரி ஒரு கிழமை எழுதினன். முதல் தரத்தில எடுபடாதது 41, அதில 35 ஆறே ஆறு பேரின்ரை, ஆறு பேரும் வெட்டுற பகுதி. கொப்பியை முதலாளிக்குக் காட்ட அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, அந்த ஆறு பேருக்கும் லேற் வெட்டை நிப்பாட்டச் சொல்லிட்டார். நம்பர் அடிச்சு வைக்கிறதையும் திங்கள் தொடங்கிறம். முகமெசினை வாங்க முந்தி ரெண்டு கிழமை சும்மா தரச்சொல்லிக் கேட்டிருக்கு. அந்தத் தம்பி இன்னும் போன் எடுக்கேல்ல.