1000 பேரில் 600 பேர்தான் பதில் தந்தார்கள்: சராசரியை எப்படிக் கணிப்பது?

கேள்வி
வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்று ஒரு சர்வே. எளிய சமவாய்ப்பு முறையில் 1000 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியதில் 600 பதில்கள் வந்தன, சராசரி 4.0 மணி. 40 வயதுக்குக் கீழே 500 பேரில் 200 பேர் பதில் தந்தார்கள், சராசரி 6. மீதி 500 பேரில் 400 பேர், சராசரி 3. விடுபட்ட 400 இடங்களிலும் 4.0 என்று நிரப்பிவிடலாமா?

பதில் 1
வேண்டாம். சராசரி அதே 4.0-தான் வரும், இளையவர்கள் குறைவாகப் பதில் தந்ததால் வந்த சாய்வும் (ஒரு பக்கமாக விலகும் பிழை) அப்படியே இருக்கும். கூடவே திட்டப்பிழையும் (சராசரி எவ்வளவு முன்பின் ஆகலாம் என்பதன் அளவு) கெடும்: நிரப்பிய 400 எண்களில் சிதறலே இல்லை, n (பதில்களின் எண்ணிக்கை) மட்டும் 1000 ஆகிவிடும். 600 பதில்களுக்கு வரவேண்டிய திட்டப்பிழையில் சுமார் 60% தான் மென்பொருள் காட்டும்.

எல்லாருடைய வயதும் தெரிகிறதே, அதை வைத்து எடை போடுங்கள், அதாவது ஒவ்வொரு பதிலும் எத்தனை பேருக்காக நிற்கிறது என்று கணக்கிடுங்கள். இளையவர்களுக்கு 500/200 = 2.5, மற்றவர்களுக்கு 500/400 = 1.25. எடையிட்ட சராசரி (500×6 + 500×3)/1000 = 4.5.

எடை போட்டால் துல்லியம் கொஞ்சம் குறையும். எடைகளின் கூட்டுத்தொகையை வர்க்கமாக்கி, எடை வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள் (புள்ளியியலாளர் கிஷ்ஷின் வாய்பாடு): 10,00,000/1875, அதாவது தோராயமாக 533 பதில்களுக்குச் சமம். வயதை இன்னும் பொடிப்பொடியாகப் பிரிக்க ஆசை வரும். 20 பதில்கூட இல்லாத பிரிவைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள்.

கேட்டவர்
ஒரே வயதுப் பிரிவுக்குள்ளேயே, பயிற்சி செய்யாதவர்கள்தான் பதில் தராமல் விட்டிருந்தால்?

பதில் 2
அங்கே எடை உதவாது. பதில் தராத 400 பேரில் 300 பேர் இளையவர்கள். 4.5 என்று எழுதும்போது அந்த 400 பேரின் சராசரி (300×6 + 100×3)/400 = 5.25 என்று ஊகித்துவிட்டீர்கள். கையிலுள்ள 600 பதில்களை எப்படிப் புரட்டினாலும் இந்த ஊகத்தைச் சரிபார்க்க முடியாது.

1946-ல் புள்ளியியலாளர்கள் ஹேன்சனும் ஹர்விட்ஸும் சொன்ன வழி இருக்கிறது. அந்த 400 பேரில் 80 பேரைச் சமவாய்ப்பில் எடுத்து, போனிலோ நேரிலோ விடாமல் பின்தொடருங்கள். அவர்கள் சராசரி 4.5 என்று வந்தால், 0.6×4.0 + 0.4×4.5 = 4.2. திட்டப்பிழைக் கணக்கில் அந்த 80 பேர் ஒவ்வொருவருக்கும் எடை 5 என்பதை மறக்கவேண்டாம். சுலபமாகக் கிடைத்த 50 பேரோடு நிறுத்தினால் பழைய சிக்கலே திரும்ப வரும். இன்னொன்று, நேரில் கேட்டால் பயிற்சி நேரத்தைக் கூட்டிச் சொல்வார்கள். கேள்வியின் வாசகத்தையாவது மாற்றாதீர்கள்.

பதில் 3
பின்தொடரப் பணம் இல்லையென்றால் அந்த 5.25-ஐ அசைத்துப் பாருங்கள். 10% குறைத்தால் மொத்தச் சராசரி 4.29, 20% குறைத்தால் 4.08. அறிக்கையில் 4.5-க்குப் பக்கத்திலேயே இவற்றையும் போடுங்கள். பூட்ஸ்ட்ராப் (கையிலுள்ள தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துத் திட்டப்பிழையைக் கணிக்கும் முறை) செய்வதானால் 1000 பேரையும் மறுதேர்வு செய்து, ஒவ்வொரு சுற்றிலும் எடையைப் புதிதாகக் கணக்கிடவேண்டும். பதில் தந்த 600 பேரை மட்டும் பழைய எடையோடு சுற்றவிட்டால் பதில் விகிதத்தின் ஏற்ற இறக்கம் கணக்கில் வராது.