வெஸ்டர்னில் பளிச்சென்று வரும் ஈ-கேடெரின், ஃப்ளோவில் ஏன் காணவில்லை?

கேள்வி (ஆய்வு மாணவி)
எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களில் ஈ-கேடெரின் (செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம்) பார்க்கிறேன். அதைப் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி, க்ளோன் 36 என்ற வகை. வெஸ்டர்னில் (செல்களை உடைத்து, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை) 120 கிலோடால்டன் பக்கம் ஒரே பேண்ட், சுத்தமாக வருகிறது. அதையே உயிருள்ள செல்களில் போட்டு ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளிர்வை அளக்கும் முறை) ஓட்டினால், ஐசோடைப் கண்ட்ரோலை (எதையும் குறிவைக்காத அதே வகை ஆன்டிபாடி) தாண்டி சிக்னல் நகரவே இல்லை. தட்டில் ஒட்டியிருக்கும் செல்களை டிரிப்சின்-இடிடிஏ (புரதத்தை அறுக்கும் நொதியும் கால்சியத்தைப் பிடிக்கும் வேதிப்பொருளும்) போட்டுத்தான் எடுக்கிறேன். குப்பி கெட்டுவிட்டதா? புதிது கேட்டால் கைடு என்ன சொல்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில் 1
செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஒளிரும் ஆன்டிபாடி) எதற்கு எதிரானது? க்ளோன் 36 எலியின் ஐஜிஜி2ஏ வகை ஆன்டிபாடி. முயலுக்கு எதிரான செகண்டரியைப் போட்டால் ஒன்றும் தெரியாது.

பதில் 2
வெஸ்டர்னில் வேலை செய்யும் குப்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அம்மா, அது நன்றாகத்தான் இருக்கிறது. க்ளோன் 36 பிடிப்பது ஈ-கேடெரினின் வால் பகுதியை. அந்த வால் செல்லுக்கு உள்ளே இருக்கிறது. உயிருள்ள செல்லின் சவ்வைத் தாண்டி ஆன்டிபாடி போகாது. 24இ10 என்ற இன்னொரு க்ளோனை வாங்கினாலும் இதே கதைதான், அதுவும் உள்பக்கம். உங்களுக்கு வேண்டியது வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஹெச்இசிடி-1 க்ளோன். டேட்டாஷீட்டில் விலைக்கு முன்னால் இம்யூனோஜென் வரியை (ஆன்டிபாடியை உருவாக்கப் புரதத்தின் எந்தத் துண்டைப் பயன்படுத்தினார்கள் என்பதை) படியுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

ஆனால் ஆன்டிபாடியை மட்டும் மாற்றினால் போதாது. இடிடிஏ கால்சியத்தை உறிஞ்சிவிடும். கால்சியம் இல்லாத கேடெரினின் வெளிப்பகுதியை டிரிப்சின் அறுத்துத் தள்ளிவிடும். பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. கால்சியம் இருந்தால் டிரிப்சினால் அதைத் தொட முடியாது என்று மசாதோஷி தாகேயிச்சி 1977-லேயே காட்டினார், கேடெரின் கண்டுபிடிக்கப்பட்டதே அந்த வழியில்தான். அதனால் இடிடிஏ இல்லாத டிரிப்சினில் 1 மில்லிமோலார் கால்சியம் சேர்த்து எடுங்கள். செல்கள் கொத்தாக வரும், மெதுவாகப் பிப்பெட் செய்து, வடிகட்டி ஓட்டுங்கள். கழுவும் பஃபரிலும் கால்சியம் இருக்கட்டும். நெகட்டிவ் கண்ட்ரோலுக்கு எம்டிஏ-எம்பி-231 செல்களை வையுங்கள், அதில் ஈ-கேடெரின் ஜீன் அடங்கிக் கிடக்கிறது.

கேள்வி கேட்டவர்
செகண்டரி எலிக்கு எதிரானதுதான், அதில் பிரச்சினை இல்லை. ரொம்ப நன்றி மேடம்! அப்புறம் ஒன்று: செல்கள் ஒட்டுவதைத் தடுத்துப் பார்க்கவும் ஹெச்இசிடி-1 உதவுமா?

பதில் 2
உதவும், மனித ஈ-கேடெரினின் ஒட்டுதலைத் தடுக்கும் க்ளோன்தான் அது. எலிச் செல் என்றால் டெக்மா-1 க்ளோனை எடுங்கள். வாங்கும்போது சோடியம் அசைடு (கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்) இல்லாத குப்பியாகக் கேளுங்கள். அசைடு செல்களை நஞ்சாகத் தாக்கும், ஒட்டாமல் போனது ஆன்டிபாடியாலா அசைடாலா என்று பிரிக்க முடியாது. அதே வகை ஐசோடைப் கண்ட்ரோல், அதே அளவு, அதுவும் அசைடு இல்லாமல், தட்டின் பக்கத்துக் குழியில் கட்டாயம் போடுங்கள்.