'தாக்கக் காரணி' வேண்டாம்: சைட்டேஷனுக்கும் இம்பாக்ட் ஃபேக்டருக்கும் சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஆய்விதழ்களை எடைபோடப் பயன்படும் எண்ணான இம்பாக்ட் ஃபேக்டருக்கு 'தாக்கக் காரணி பழகிவிட்டது, அப்படியே இருக்கட்டும்' என்று நேற்று நம் குழுமத்தில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அதை மாற்றியே ஆகவேண்டும் என்று நான் நிற்பதற்குக் காரணம் காட்பாடியில் நடந்தது. புற்றுநோய் ஆய்வாளர் ஒருவர் ஒரு கல்லூரியில் பேச வந்தார். அவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பைத் தமிழில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. "இவருடைய கட்டுரைகள் தாக்கக் காரணி மிகுந்த இதழ்களில் வெளிவந்தவை" என்று எழுதிக் கொடுத்தேன். கூட்டம் முடிந்ததும் ராணிப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா என்னிடம் வந்து, "அந்தக் காரணி எங்க ஊர்த் தண்ணியிலயும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

அவர் அப்படிப் புரிந்துகொண்டதில் தவறில்லை. ராணிப்பேட்டை போன்ற தோல் பதனிடும் ஊர்களில் குரோமியக் கழிவைப் பற்றிப் பேச்சு எழாத வீடு குறைவு. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் ஒரு புற்றுநோய்க் காரணி. 'காரணி' என்ற சொல் அங்கே நோயை உண்டாக்கும் பொருளுக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. 'தாக்கம்' என்றாலும் நோய் எவ்வளவு தாக்கியிருக்கிறது என்றுதான் நோயாளி வீட்டார் எடுத்துக்கொள்வார்கள். இரண்டையும் சேர்த்துப் புற்றுநோய் ஆய்வைப் பற்றிய வாக்கியத்தில் வைத்தால் வேறு எப்படிப் படிப்பார்கள்?

இம்பாக்ட் ஃபேக்டர் என்ற அந்த எண் உண்மையில் என்ன? ஓர் இதழ் முந்தைய 2 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளை, இந்த ஆண்டு மற்றவர்கள் எத்தனை முறை எடுத்துக் காட்டினார்கள் என்று கூட்டி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. அவ்வளவுதான், ஒரு சராசரி. காரணமும் இல்லை, தாக்குதலும் இல்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் மருத்துவர் இதழுக்கு 2020இல் இது 500ஐத் தாண்டியது. அங்கே ஆண்டுதோறும் வரும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரையை உலகமே எடுத்துக் காட்டுவதுதான் அதற்குப் பெரிய காரணம். அதே இதழில் வந்த இன்னொரு கட்டுரைக்கு அந்த 500 எதையும் சொல்லாது. இதழின் சராசரியை ஆளின் மதிப்பாக்காதீர்கள் என்றுதான் ஆய்வுகளை மதிப்பிடும் முறை பற்றிய சான் பிரான்சிஸ்கோ அறிக்கையும் கேட்டுக்கொண்டது. ஆகவே இம்பாக்ட் ஃபேக்டருக்கு 'சராசரி எடுத்தாட்சி' என்கிறேன் ('எடுத்தாட்சி' எப்படி வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்). சொல்லிலேயே கணக்கு தெரியட்டும்.

இனி சைட்டேஷன், அதாவது ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையை எடுத்துக் காட்டுவது. 'மேற்கோள்' என்றால் ஒருவர் சொன்னதைச் சொன்னபடியே தருவது என்று இன்றைக்குப் பொருள் இறுகிவிட்டது. மேற்கோள் குறி என்று பள்ளியிலேயே படிக்கிறோம். ஆய்வுக் கட்டுரையில் பெரும்பாலும் ஒரு வரியைக்கூட அப்படியே தருவதில்லை, முடிவை மட்டும் சொல்லி எண் போடுகிறோம். தம்பி ஒருவர் முன்வைத்த 'சுட்டு' அழகானது, சின்னது. ஆனால் இண்டெக்ஸுக்குச் சுட்டெண் என்று பலர் எழுதுகிறார்கள். சைட்டேஷன் இண்டெக்ஸ் 'சுட்டுச் சுட்டெண்' என்று வரும்போது நாக்கு தடுக்குகிறது.

எடுத்தாளுதல் நம் உரைகளில் புழங்கும் வினை. சொல்லாட்சி போல அதிலிருந்து 'எடுத்தாட்சி'. இதில் எனக்குப் பிடித்தது, ஏற்பதற்காகவும் எடுத்தாளலாம், மறுப்பதற்காகவும் எடுத்தாளலாம் என்பது. பிறர் கருத்தை நூலாசிரியர் எதிர்கொள்ளும் வழிகளாக நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில் உடன்படலும் மறுத்தலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இன்றைய எண்ணிக்கை இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறது. எண்ணிக்கை பெரிதாக இருந்தாலே பாராட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை இந்தச் சொல் மறைக்காது.

நம்மூர் வாக்கியத்திலேயே போட்டுப் பார்த்தேன். 2006இல் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 'பிளட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவகைத் தீவிர ரத்தப் புற்றுநோய் வந்த 72 பேருக்கு ஆர்சனிக் ட்ரை ஆக்சைடு என்ற ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. நம் பக்கம் வெள்ளைப் பாஷாணம் என்கிறோமே, அதேதான். 62 பேருக்கு நோய் அடங்கியது. "பாஷாண மருத்துவம் பற்றி எழுதுவோர் இக்கட்டுரையை எடுத்தாள்கிறார்கள்", "இதன் எடுத்தாட்சி எண்ணிக்கை", இரண்டும் உறுத்தாமல் வருகின்றன. இதே வாக்கியத்தில் 'காரணி' வந்திருந்தால் ஆபத்து, ஏனென்றால் ஆர்சனிக்கும் ஒரு புற்றுநோய்க் காரணிதான்.

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு எடுத்தாளப்படுகின்றன என்று காட்டும் எச்-இண்டெக்ஸுக்கு 'ஹிர்ஷ் எண்' போதும். 2005இல் அதை முன்வைத்த இயற்பியலாளரின் பெயர் அது. 12 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 12 முறை எடுத்தாளப்பட்டிருந்தால் ஹிர்ஷ் எண் 12. ரிக்டர் அளவு என்று சொல்லவில்லையா, அதுபோல.

தன் கட்டுரையைத் தானே எடுத்தாளும் செல்ஃப் சைட்டேஷன்தான் இன்னும் சரியாக அமையவில்லை. 'தன்னெடுத்தாட்சி' நீளம், அப்புறம் உச்சரிக்கவும் கனமாக இருக்கிறது. 'தற்சுட்டு' என்று தம்பியின் சொல்லை இங்கே மட்டும் வைத்துக்கொள்ளலாமா? காட்பாடிக்கு எழுதிய அறிமுகக் குறிப்பைத் திருத்தி மறுபடி அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன். அதற்குள் யாராவது இதைவிட நல்லதாக ஒன்று சொன்னால் அதையே போட்டுவிடுகிறேன்.