எரிதிமா மைக்ரான்ஸ்: ‘படர்தடம்’ சரிவருமா?

வணக்கம்.

உண்ணி கடித்து வரும் லைம் நோய் பற்றிய கையேட்டுக்காக, அந்நோயில் தோலில் படரும் தடமான எரிதிமா மைக்ரான்ஸுக்கு இதுவரை வந்த தமிழ்ச் சொற்கள் மூன்று: இடம்பெயர் செம்மை, வளையச் செம்மை, காளைக்கண் (bull's-eye) தடிப்பு. மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நோயின் தொடக்கத்தில் பெரும்பாலும் இந்த ஒரு குறிதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. உண்ணி கடித்து 3 முதல் 30 நாளுக்குள் தோலில் இது வரும். அந்த நேரத்தில் இரத்தம் எடுத்து எலைசா என்ற எதிர்ப்பொருள் சோதனை பார்த்தால் பலருக்கு ஒன்றும் இல்லை என்றே வரும், நோயை உண்டாக்கும் பொரேலியா கிருமிக்கு எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரம் பிடிக்கும். அதனால் நோய் உள்ள வட்டாரங்களில் மருத்துவர் தோலைப் பார்த்தே முடிவு செய்து டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.

‘இடம்பெயர்’ இலத்தீனுக்கு நேர்தான் ஐயா, ஆனால் தோலில் நடப்பது அதுவல்ல. இடுப்பில் வந்தது முதுகுக்குப் போவதில்லை, இருந்த இடத்திலேயே நாளுக்கு நாள் அகன்றுகொண்டு போகிறது. படர்தாமரையில் நாம் வைத்திருக்கும் ‘படர்’தான் இதற்கும் வினை. ‘வளையம்’, ‘காளைக்கண்’ இரண்டும் இன்னும் ஆபத்து: பலருக்கு வளையமே வராது, தடம் முழுக்க ஒரே நிறமாக இருக்கும். வளையம் இல்லையே என்று நோயாளி வீட்டிலேயே இருந்துவிடுவார்.

‘செம்மை’யை மட்டும் விட எனக்கு மனம் வரவில்லை, பக்கத்து வீட்டுக்கு ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைப் பார்க்கும்வரை. முழங்காலுக்குப் பின்பக்கம் வந்திருந்தது. மாநிறத் தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது? கன்றிப்போனது போல ஊதா கலந்த பழுப்பு. போன இடத்தில் படர்தாமரை என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அரிப்பே இல்லை என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அது உள்ளங்கை அகலத்தைத் தாண்டிய பிறகுதான் வேறொரு மருத்துவர் கண்டுபிடித்தார். லைம் என்ற ஊர் இருக்கும் கனெக்டிகட்டிலேயே இந்த நிலை!

ஆகவே நிறமும் வடிவமும் இல்லாமல் ‘படர்தடம்’ என்று வைப்போம். வினைத்தொகை, படர்ந்த, படர்கிற, படரும் மூன்றும் அதற்குள் இருக்கின்றன, நோயை அறிவதும் அப்படித்தான்: விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவிட்டு மறுநாள் பார்த்தால் கோட்டைத் தாண்டியிருக்கும். கடித்த ஓரிரு நாளில் வரும் சின்னத் தடிப்பு பெரும்பாலும் 5 செ.மீ.க்குள் நின்று வற்றிவிடும், அதற்கு ‘கடித்தடிப்பு’ போதும். ‘தழும்பு’ வேண்டாம், அது ஆறிய பிறகு இருப்பது.

முன்னொட்டு வேண்டுமானால் ‘உண்ணிப் படர்தடம்’. லைம் என்று சேர்க்க வேண்டாம், லைம் நோயைப் பரப்பாத லோன் ஸ்டார் என்ற உண்ணி கடித்தாலும் ஏறக்குறைய இதே தடம் வருகிறது. அப்புறம், தமிழ்நாட்டுச் செய்திகளில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ் என்ற வேறு நோய். அதைப் பரப்புவது வேறு பூச்சி, கடித்த இடத்தில் இருப்பதும் கருத்த பொருக்கு. கையேட்டில் ஒரு வரியாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.

கிருமி இரத்தத்தில் கலந்து உடலில் பல இடங்களில் தடம் தோன்றும் நிலைக்குத் தனிச்சொல் தேவையா, ‘பல படர்தடங்கள்’ என்றே எழுதிவிடலாமா? அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.