களப்பயண அறிக்கையில் எழுதாமல் விட்டது

கடலோர டீச்சர்:

களப்பயணம் போய் வந்ததும் தலைமையாசிரியரிடம் ஒரு பக்க அறிக்கை கொடுத்தாக வேண்டும். "மாணவர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர். நிகழ்ச்சி இனிதே நிறைவுற்றது." பதினாறு வருடமாக இதே இரண்டு வரியைத்தான் எழுதி வருகிறேன். அதில் ஏறாத சமாச்சாரம் எல்லோரிடமும் கொஞ்சம் இருக்குமே, அதை இங்கே கொட்டலாம். முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

போன பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரைச் சென்னையில் ஆமை நடைக்குக் கூட்டிப் போனேன். துணைக்கு நான்கு பெற்றோர். 1988இல் மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய எஸ்.எஸ்.டி.சி.என். என்ற கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிடும் மாதங்களில் ராத்திரி நேரத்தில் கடற்கரையோரம் நடந்து கூடுகளைத் தேடி, முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்கு எடுத்துப் போகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஏழு கிலோமீட்டர் போல வரும். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. மணலில் ஏழு கிலோமீட்டர் என்பது ரோட்டில் பதினைந்துக்குச் சமம் என்று யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

முதல் அரை மணி நேரத்திலேயே ஒரு ஆமை கிடந்தது. செத்த ஆமை. கழுத்து உப்பி, கண் பிதுங்கி, ஓடெல்லாம் மணல் அப்பியிருந்தது. வழிகாட்டியாக வந்த கல்லூரித் தம்பி, "இழுவலையில மாட்டி மூச்சு முட்டிச் செத்திருக்கும்" என்றார். உடனே ஒரு பெண் கேட்டாள்: "கடல்லயே இருக்கிற ஆமை தண்ணிக்குள்ள எப்படி டீச்சர் மூச்சு முட்டிச் சாகும்?"

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் இதே பிள்ளை 'ஊர்வன நுரையீரலால் சுவாசிக்கின்றன' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். திருத்தியது நான். ஆமை மேலே வந்து காற்றை இழுத்துக்கொண்டுதான் மறுபடி மூழ்கும், வலைக்குள் நெடுநேரம் சிக்கிக்கொண்டால் மேலே வர வழியில்லை என்று அந்தத் தம்பி விளக்கினார். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆமையின் மூக்குத் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்றம் தாங்காமல் மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள்.

திருவான்மியூர் தாண்டி ஒரு தடம் கிடைத்தது. சின்ன டிராக்டர் டயர் உருண்ட மாதிரி கடலிலிருந்து மேலே ஏறி, ஒரு வளைவு எடுத்து, திரும்பக் கடலுக்கே இறங்கியிருந்தது. அம்மா ஆமை போய்விட்டது. தம்பி ஒரு குச்சியால் மணலை மெல்லக் குத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் குச்சி சட்டென்று இறங்கியது. அப்புறம் கையாலேயே தோண்டினார். தோள் வரைக்கும் கை உள்ளே போன பிறகுதான் முட்டை தட்டுப்பட்டது. வாய் குறுகி அடி அகன்ற பானை போன்ற குழி. முட்டை பிங்பாங் பந்து அளவு, ஆனால் கோழி முட்டை மாதிரி கெட்டி ஓடு கிடையாது, தோல் போல அமுங்கும். எடுக்க எடுக்கப் பிள்ளைகள் எண்ணினார்கள். ஒரு குழு 117 என்றது, இன்னொரு குழு 119 என்றது. நடு ராத்திரியில் அதற்கு ஒரு பெரிய சண்டை.

உயிரோடு ஒரு ஆமையைக்கூடப் பார்க்கவில்லை என்று பஸ்ஸில் வரும்போது மூன்று பேர் அழுதார்கள். இதை எப்படி 'இனிதே' என்று எழுதுவது?

பழைய தன்னார்வலர்:

டீச்சர், கல்லூரி நாட்களில் நான்கு பருவம் அந்த மணலில் நடந்திருக்கிறேன். முட்டையிடும் ஆமையை நேரில் பார்த்த இரவுகளைவிடப் பார்க்காத இரவுகள்தான் எனக்கும் அதிகம். பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இவ்வளவு கூட்டத்தோடு போய்க் கூடு கண்டதே அதிர்ஷ்டம்.

பொரிப்பகத்தில் குஞ்சு விடும்போது கூட்டிப் போனீர்களா? 45 முதல் 60 நாளில் பொரிந்துவிடும். அங்கே சொல்லிக்கொடுக்க இன்னொன்றும் உண்டு. முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29 டிகிரிக்கு மேலே போனால் பெண் அதிகம், கீழே இருந்தால் ஆண் அதிகம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைக் கேட்டதும், "அப்ப பூமி சூடாயிட்டே போனா எல்லாம் பொண்ணாவே பொறக்குமா அண்ணே?" என்றான். ஆராய்ச்சியாளர்கள் கவலைப்படுவதும் அதைப் பற்றித்தான்.

அறிக்கையில் வராத கதை என்னிடமும் ஒன்று உண்டு. ஒரு பள்ளிக் குழுவோடு வந்த ஆசிரியர் படம் எடுக்கிற ஆசையில் செல்போன் விளக்கைப் போட்டுவிட்டார். குஞ்சுகள் கடலை நோக்கிப் போவது அடிவானத்து வெளிச்சத்தை வைத்துத்தான். முப்பது நாற்பது குஞ்சும் அப்படியே திரும்பி அவர் காலைப் பார்த்து வரத் தொடங்கின. பாவம், காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார். தெருவிளக்கு ஆமையை என்ன செய்யும் என்று நாங்கள் அரை மணி நேரம் பேசியதைவிட அந்த ஒரு நிமிடம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பதிந்தது. ஆனால் தயவுசெய்து யாரும் இதைச் செய்முறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குப்பத்துக்காரன்:

நான் வாத்தியார் இல்லை, மீன்பிடிக் குடும்பம். ஒரு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து செத்த ஆமையைப் பார்த்துவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோதும் அதே பார்வைதான். ஃபைபர் படகில் செவுள்வலை போடுகிறவனும் விசைப்படகில் இழுவலை இழுக்கிறவனும் ஒன்று இல்லை. விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இழுவலையில் சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் கருவியும் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். எங்கள் வலையில் ஆமை மாட்டினால் வலையை அறுத்து விடுவோம், அறுந்த வலைக்குக் காசு எங்கள் பையிலிருந்துதான் போகும்.

அடுத்த முறை வரும்போது குப்பத்தில் ஒரு பெரியவரைப் பேசக் கூப்பிடுங்கள் டீச்சர். பங்குனி ஆமை என்ற பெயரே எங்கள் ஆட்கள் வைத்ததுதான்.

கடலோர டீச்சர்:

அண்ணா, நியாயம். அன்று யார் வலை என்று நானும் பிரித்துச் சொல்லவில்லை. அடுத்த முறை நிச்சயம் வருகிறோம். ஏப்ரலில் பொரிப்பகத்துக்கு ஆறு பேரைத்தான் கூட்டிப் போக முடிந்தது, மற்றவர்கள் வீட்டில் பரீட்சையைச் சொல்லி விடவில்லை.

கணக்கு வாத்தியார், மதுரை:

எங்களுக்குக் கடல் இல்லை, வெயில் இருக்கிறது. ராத்திரிப் பயணம், பஸ், பெற்றோர் கையெழுத்து எதுவும் வேண்டாம். சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும் நிழலில்லா நாள் போதும்.

மத்தியானம் 12 மணிக்குச் சூரியன் நேர் உச்சியில் இருக்கும் என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள். ஆசிரியர்களிலும் பாதிப்பேர் செய்வார்கள். உண்மையில் கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் வருடத்தில் இரண்டே நாள்தான் அது நேர் உச்சிக்கு வரும். சென்னைக்கு ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். மதுரைக்கு ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27 வாக்கில். டெல்லிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினையே இல்லை. ஏப்ரலில் பரீட்சை, ஆகஸ்டில் மேகம், இதுதான் ஒரே தொல்லை.

ஒரு ஆகஸ்டில் அந்த நாளன்று மைதானத்தில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வைத்து எட்டாம் வகுப்பைச் சுற்றி நிற்க வைத்தேன். 12 மணிக்கு நிழல் மேற்கே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா சார், இருக்கு" என்று கொக்கரித்தார்கள். நம்முடைய கடிகாரம் காட்டுவது 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம், மதுரை அதற்கு மேற்கே இருக்கிறது, இங்கே உச்சி வேளை 12.15க்குப் பிறகுதான் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. சரி, பாருங்கள் என்று விட்டுவிட்டேன். நிழல் ஒடுங்கி ஒடுங்கி டம்ளருக்கு அடியில் போய்விட்டது. ஒரு சத்தம் இல்லை. அப்புறம் ஒருவன் எம்பிக் குதித்தான். குதித்த ஒரு நொடி நிழல் நேர் கீழே, காலை விட்டுத் தனியாகத் தரையில் விழுந்தது. அவ்வளவுதான், நாற்பது பேரும் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். புழுதி பறந்து, பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து என்னைத் திட்டினார்.

ஏரிக்கரை:

என்னுடையது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015இல் தொடங்கியது, பொங்கல் விடுமுறை நாட்களில் நடக்கும். அவரவர் ஊர் ஏரி, வயல், கொல்லை எங்கே வேண்டுமானாலும் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, என்ன பறவை, எத்தனை என்று எழுதி, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். செலவே இல்லை. எனக்குக் காக்கை, மைனா, கொக்கு தவிர ஒன்றும் தெரியாது என்பதுதான் சிக்கல்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கூடவே நின்றான். நான் கைப்பேசியில் படத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, "அது மடையான் சார், அது நீர்க்காகம், அங்க கருப்பா நெத்தியில வெள்ளையா இருக்கே, அது நாமக்கோழி" என்று அடுக்கினான். எனக்கு ஒரே பூரிப்பு. "எப்படிடா இவ்வளவு தெரியும்?" என்றேன்.

"மடையான் அவ்வளவு நல்லா இருக்காது சார். நாமக்கோழியை வறுத்தா சூப்பரா இருக்கும்."

வனவிலங்குச் சட்டத்தைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். அவன் மரியாதையாகத் தலையாட்டினான். அன்றைக்கு 19 வகைப் பறவைகள் எழுதினோம், அதில் 15 அவன் சொன்னவை. நாமக்கோழி 40 என்று போட்டேன்.

இந்தப் பொங்கலுக்கு அவனே முன்னால் வந்து நின்றான், கையில் நோட்டோடு. எண்ணி முடித்து, "37 சார்" என்றான்.

"போன வருஷம் 40 இருந்துச்சேடா. மிச்சம் மூணு எங்க?"

"சத்தியமா நான் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற அவன் சித்தப்பாவைப் பார்த்தான்.