பஞ்சு மேகம் உதிர்கிறது, டம்ளரில் மழை வரவில்லை, வானவில் நகரவில்லை – யாராவது உதவுங்கள்

தாம்பரம் அம்மா
வணக்கம். பெரியவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ரெண்டு முடிய இன்னும் ஒரு மாதம். மூன்று நாளாக விடாத மழை, பள்ளி லீவு. திங்கட்கிழமை எல்.கே.ஜி.க்கு மழைக்காலம் பற்றி ஏதாவது செய்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள் (யார் செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்). வீடியோ பார்த்து மூன்று செய்தேன், மூன்றும் சொதப்பல்.

நீலச் சார்ட்டில் பஞ்சு மேகம். ராத்திரி ஒட்டினேன், காலையில் பாதி தரையில் கிடக்கிறது. பிள்ளைக்குத் தடவ எளிதாக இருக்குமே என்று ஃபெவிகாலில் தண்ணீர் விட்டுக் கரைத்திருந்தேன். சார்ட்டும் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது.

அடுத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதன் மேல் ஷேவிங் நுரை, அதில் நீலக் கலர் சொட்டினால் மழை மாதிரி கீழே இறங்கும் என்றார்கள். வீட்டுக்காரருடைய ட்யூபைப் பிதுக்கி வைத்தேன், நேராக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது, டிஷ்யூ பேப்பரின் இரண்டு ஓரத்திலும் வானவில் நிறங்களைத் தீட்டி, ஓரங்களை இரண்டு டம்ளர் தண்ணீரில் நனைத்தால் நிறங்கள் ஏறி நடுவில் சேருமாம். தண்ணீர் ஏறியது, நிறம் ஏறவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

பால்வாடி டீச்சர்
வானவில்லுக்கு என்ன பேனா எடுத்தீர்கள்?

தாம்பரம் அம்மா
அவர் ஆபீஸில் இருந்து கொண்டுவந்த பர்மனன்ட் மார்க்கர், நல்ல அடர்த்தியாக இருந்ததே என்று எடுத்தேன்.

பால்வாடி டீச்சர்
அதுதான் காரணம். அந்த மை தண்ணீரில் கரையாது. பிள்ளைகளின் பத்து ரூபாய் ஸ்கெட்ச் பேனாதான் இதற்குச் சரி, அது தண்ணீரில் கரைகிற மை. கிரேயானும் வேண்டாம், அது மெழுகு. ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு அழுத்தித் தீட்டுங்கள், நுனி மட்டும் தண்ணீரில் படட்டும், தீட்டிய இடம் முழுக்க முங்கினால் நிறம் டம்ளருக்குள்ளேயே கரைந்துவிடும். அப்புறம் டிஷ்யூ நீளமாக இருந்தால் நடுவில் சேராது, ஒரு சாண் போதும்.

டம்ளர் மழை விஷயம். நுரை மிதப்பதே அதற்குள் இருக்கும் காற்றால்தான். ட்யூபில் வருவது க்ரீம், காற்றே கிடையாது, மூழ்கத்தான் செய்யும். பிரஷ்ஷால் நன்றாக நுரைத்துவிட்டு இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும் வையுங்கள். ஃபுட் கலரை அப்படியே சொட்டாமல் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, சிரப் மருந்தோடு வரும் டிராப்பரால் ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து சொட்டு விடுங்கள். நுரை தாங்குகிற வரை தாங்கும், முடியாதபோது நீலமாக இழை இழையாக இறங்கும். பெரியவளிடம் "மேகத்துக்குக் கனம் தாங்கல" என்று சொன்னால் போதும், உண்மையான மேகத்திலும் சின்னச் சின்னத் துளிகள் ஒன்றுசேர்ந்து கனத்த பிறகுதான் விழுகின்றன.

ஆனால் சின்னவன் அந்த நுரையை வாயில் வைப்பான், இதை அவனுக்குக் கொடுக்காதீர்கள். அவனுக்குத் தயிர் டப்பாவின் அடியில் ஆணியைச் சுட்டு ஏழெட்டு ஓட்டை போட்டுக் கொடுங்கள். பாத்ரூமில் வாளித் தண்ணீரில் முக்கித் தூக்கினால் மழை. பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், ரெண்டு வயதுப் பிள்ளையையும் வாளித் தண்ணீரையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது.

பழைய சுவரொட்டிக்காரன்
தங்கச்சி, பஞ்சுக்கு மைதாப் பசை காய்ச்சுங்கள். அந்தக் காலத்தில் தேர்தல் போஸ்டர் ஒட்டிய கை இது. ரெண்டு ஸ்பூன் மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி மினுங்கும்போது இறக்கலாம். நாங்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவோம், அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற பசையில் போடவே கூடாது. அதனால் இந்தப் பசை மறுநாளே புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். இந்த ஈரக் காற்றில் காயவும் நேரம் எடுக்கும், மின்விசிறிக்கு அடியில் சார்ட்டின் நாலு மூலையிலும் கனம் வைத்துப் படுக்கப் போடுங்கள். நிமிர்த்தி வைத்தால் எந்தப் பசையும் நழுவும்.

இரட்டையர் அப்பா
பஞ்சை உருண்டையாக ஒட்டாதீர்கள், பிய்த்துப் பரத்தி ஒட்டுங்கள். உருண்டையில் ஒரு புள்ளிதான் ஒட்டும். எங்கள் வீட்டில் ஒருத்தி அந்த உருண்டையைத்தான் வாயில் போட்டாள். 10 ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய, சுமார் 3.2 செ.மீ. வட்டத்துக்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே கையில் வேண்டாம், மழைத்துளிக்கு மணி ஒட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

பள்ளிக்குத்தான் என்றால் மழைமானி செய்யலாமே? பக்கம் நேராக இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனல் மாதிரி உள்ளே வையுங்கள், வெட்டிய ஓரத்துக்கு டேப். அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி வரை தண்ணீர் ஊற்றி அங்கே 0 என்று கோடு. அதற்கு மேல் ஸ்கேல் ஒட்டினால் ஒரு மி.மீ. ஏறினால் ஒரு மி.மீ. மழை, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். வானிலை நிலையங்களில் காலை 8.30க்குத்தான் அளவெடுப்பார்கள், உங்கள் மகளும் அதே நேரத்தில் பார்க்கட்டும். பார்த்ததும் 0 கோடு வரைக்கும் கொட்டிவிடுங்கள், வெயில் அடித்ததும் முழுக்கக் காலி செய்துவிடுங்கள், கொசு முட்டையிடும்.

தாம்பரம் அம்மா
எல்லோருக்கும் நன்றி. மைதா மேகம் கல் மாதிரி நிற்கிறது. வானவில்லில் ஊதாவும் பச்சையும் கலந்து நடுவில் சேறு, மற்றபடி சேர்ந்துவிட்டது. சின்னவன் தயிர் டப்பாவை விட்டு எழவில்லை, நானும் ஸ்டூல் போட்டு அங்கேயே.

ஒரு சந்தேகம். மழைமானியில் இன்று காலை 61 காட்டுகிறது, மீனம்பாக்கத்தில் 34 மி.மீ. என்கிறது செய்தி. எது சரி?

இரட்டையர் அப்பா
எங்கே வைத்தீர்கள்?

தாம்பரம் அம்மா
பால்கனி கைப்பிடிச் சுவரில்... மேலே மாடி சன்ஷேடு இருக்கிறது, அதிலிருந்து சொட்டுகிறதோ?

இரட்டையர் அப்பா
சொட்டும். மொட்டை மாடி நடுவில் வையுங்கள், காற்றில் சாயாமல் சுற்றிலும் நாலு செங்கல். இடத்துக்கு இடம் மழையே வேறுபடும், ஆனாலும் அந்த 61ஐச் சார்ட்டில் எழுதிவிடாதீர்கள்.